பழைய போனிலிருந்து புதிய போனுக்கு: எது தானாக வரும், எது வராது

முதல் தடவை போன் மாற்றியபோது நான் அடித்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிய போனின் திரையில் நகலெடுத்து முடிந்தது என்று செய்தி வந்தது. படங்கள் இருந்தன. தொடர்பு எண்கள் இருந்தன. செயலிகளின் சின்னங்கள்கூட பழைய போனில் இருந்த அதே வரிசையில் நின்றன. சரி, வேலை முடிந்தது என்று அன்று இரவே பழைய போனை ரீசெட் செய்துவிட்டேன். மறுநாள் கணினியில் மின்னஞ்சலைத் திறக்கப் போனால் ஆறு இலக்க எண் ஒன்றைக் கேட்டது. அந்த எண்ணைக் காட்டும் செயலி புதிய போனில் இருக்கத்தான் செய்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. கணக்கைத் திரும்பப் பெற நாலு நாள் அல்லாடினேன்.

தவறு என்னுடையதுதான். போனில் இருப்பதெல்லாம் ஒரே மூட்டை, தூக்கி அந்தப் பக்கம் வைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஒரே திரையில் அடுத்தடுத்துத் தெரிகிற விஷயங்கள் உண்மையில் நாலு வேறு வேறு இடங்களில் இருக்கின்றன. எது எங்கே இருக்கிறது என்று பிடிபட்டுவிட்டால், எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதெல்லாம் சின்ன விஷயம்.

நாலு இடங்கள்

முதலாவது, இணையத்தில் உங்கள் கணக்கில் இருப்பவை. மின்னஞ்சல், நாட்காட்டி, கூகுள் டிரைவில் போட்டு வைத்த கோப்புகள், டெலிகிராமின் சாதாரண உரையாடல்கள் எல்லாம் இந்த வகை. போனில் இருப்பதுபோலத் தெரியும். இருப்பதோ எங்கோ ஒரு சர்வரில். புதிய போனில் அதே கணக்கில் நுழைந்தால் தானாக வந்துவிடும். நீங்கள் நகலெடுக்க வேண்டியது எதுவும் இல்லை, கடவுச்சொல் நினைவில் இருந்தால் போதும். (பலருக்கு அதுதான் நினைவில் இருப்பதில்லை. பழைய போன் வாங்கிய அன்று ஒருமுறை அடித்ததோடு சரி. புதிய போன் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று கணினியில் ஒருமுறை நுழைந்து பாருங்கள்.)

இரண்டாவது, போனின் சேமிப்பகத்தில் கோப்புகளாகக் கிடப்பவை. கேமராவில் எடுத்த படம், வீடியோ, இறக்கி வைத்த பிடிஎஃப், குரல் பதிவு, பாட்டு. இவற்றைக் கேபிள் போட்டோ வைஃபை வழியாகவோ நகலெடுக்கலாம். வந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்பதால் இதில் பெரிய பயமில்லை.

மூன்றாவது, செயலிகளுக்கு உள்ளே இருப்பவை. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு செயலிக்கும் போன் ஒரு தனி அறை கொடுத்திருக்கிறது. ஒரு செயலி இன்னொன்றின் அறைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. கோப்பு மேலாளரில் தேடினால் நமக்கும் அந்த அறை தெரியாது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அது. விளையாட்டில் எந்தக் கட்டம் வரை வந்தீர்கள், குறிப்புச் செயலியில் என்ன எழுதி வைத்தீர்கள், வரவு செலவுக் கணக்கில் என்ன போட்டீர்கள் என்பதெல்லாம் அந்தந்த அறைக்குள்ளேயே இருக்கும்.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், செயலிகளின் உள்தரவைக் கூகுள் கணக்கில் தானாகவே பேக்கப் (காப்பு நகல்) எடுக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அதில் ஒரு செயலிக்கு 25 எம்பிதான் வரம்பு. செயலியை எழுதியவர் பேக்கப் வேண்டாம் என்று தடுத்து வைத்திருந்தால் அந்த 25 எம்பியும் கிடையாது. ஆக, செயலி புதிய போனுக்கு வந்துவிடும். கடையிலிருந்து புதிதாக இறங்கும் பிரதி அது. உள்ளே இருந்தவை கூடவே வருமா என்பது செயலிக்குச் செயலி மாறும். சின்னத்தைப் பார்த்து நான் ஏமாந்தது இப்படித்தான்.

நாலாவது, அந்தப் போனின் சில்லோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை. கைரேகை, முகப்பதிவு, பணம் செலுத்தச் சேர்த்து வைத்த அட்டை, வங்கிச் செயலியின் பதிவு. இவற்றுக்கான ரகசிய சாவிகள் போனுக்குள்ளேயே உருவாகி அங்கேயே இருப்பவை. எந்தக் கேபிளிலும் வெளியே வராது. அந்தச் சாவியை நம்மால் நகலெடுக்க முடிந்தால் திருடனாலும் முடியும் அல்லவா? அதனால் புதிய போனில் விரலை மறுபடி வைத்து, அட்டையை மறுபடி சேர்த்து, வங்கியில் மறுபடி பதிவு செய்ய வேண்டியதுதான். இவ்வளவு வசதி வந்தும் இதுகூட வராதா என்று எரிச்சல் வரும். இந்த ஒரு இடத்தில் எரிச்சலைப் பொறுத்துக்கொள்வது நமக்குத்தான் லாபம்.

தொடர்பு எண்களும் படங்களும்

தொடர்பு எண்கள் ஒரே பட்டியலாகத் தெரிந்தாலும் அவையும் சிதறித்தான் கிடக்கும். சில சிம்மில் இருக்கும், சில போனில், சில கூகுள் கணக்கிலோ ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடிலோ. பல வருடங்களாக ஒவ்வொரு எண்ணைச் சேமிக்கும்போதும் 'எங்கே சேமிக்க' என்று போன் கேட்டிருக்கும். நாம் ஏதோ ஒன்றைத் தொட்டிருப்போம். கணக்கில் இருப்பவை தானாக வரும். சிம்மில் இருப்பவை சிம்மோடு போகும். பல சிம்களில் 250 பெயர் வாக்கில்தான் இடம், அதுவும் பெயரும் எண்ணும் மட்டும். படம், முகவரி எதுவும் தங்காது. போனில் மட்டும் இருப்பவைதான் தொலைகிறவை.

இதற்கு நல்ல வழி, தொடர்புகள் செயலியில் ஏற்றுமதி என்று இருப்பதைத் தொட்டு எல்லாவற்றையும் ஒரே விசிஎஃப் கோப்பாக்கிவிடுவது. ஆண்ட்ராய்டு, ஐபோன், கணினி எல்லாமே அந்தக் கோப்பைப் படிக்கும். அதை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். இரண்டு நிமிட வேலை. அப்புறம் புதிய போனில் எந்த எண்ணைச் சேமித்தாலும் கணக்கிலேயே சேமியுங்கள், அடுத்த முறை இந்தப் பேச்சே இருக்காது.

படங்களில் வேறொரு கண்ணி இருக்கிறது. கூகுள் போட்டோஸிலும் ஐகிளவுடிலும் போனில் இடத்தை மிச்சப்படுத்தும் வசதி உண்டு. ஐபோனில் அதை இயக்கினால் முழு அளவுப் படம் சர்வருக்குப் போய்விடும். போனில் ஒரு சிறிய பிரதி மட்டும் நிற்கும். கூகுள் போட்டோஸில் 'இடத்தைக் காலி செய்' என்பதைத் தொட்டிருந்தால் போனில் இருந்த பிரதியே போய்விடும். அந்தந்தச் செயலியில் பார்க்கும்போது படம் அழகாகத்தான் தெரியும். கேபிள் போட்டுக் கணினிக்கு நகலெடுத்தால்தான் பாதிப் படங்களைக் காணோம் என்பது தெரியவரும். தொலைந்துவிடவில்லை, கணக்கில் இருக்கின்றன. ஆனால் அந்தக் கணக்கை விட்டுவிட்டு வேறு கணக்குக்குப் போகப்போகிறீர்கள் என்றால் முதலில் அங்கிருந்து இறக்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான பிரச்சினையும் உண்டு. ஆண்ட்ராய்டில் கேமராவில் எடுத்தவைதான் பொதுவாகத் தானாக கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் உள்ள உங்கள் கணக்குக்கு, போகும். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள், திரைப் பிடிப்புகள், மற்ற செயலிகளின் கோப்புறைகள் எல்லாம் நீங்கள் தனியாக இயக்கினால்தான் போகும். கூகுள் போட்டோஸ் செட்டிங்ஸில் சாதனக் கோப்புறைகள் என்ற இடத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இலவச இடம் கூகுளில் 15 ஜிபி. மின்னஞ்சல், டிரைவ், படங்கள் எல்லாம் சேர்ந்து அதற்குள். ஆப்பிளில் 5 ஜிபி. இடம் நிரம்பிய அன்றே பேக்கப் நின்றிருக்கும், நாம் அறிவிப்பைத் தள்ளிவிட்டுப் போயிருப்போம். ஆகவே கடைசியாக பேக்கப் எடுத்த தேதி என்ன என்று பாருங்கள். அது போன வருடத்துத் தேதியாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஒரே குடும்பத்துக்குள் மாறுகிறீர்களா?

ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனிலிருந்து ஐபோனுக்கும் போவது எளிது. புதிய போனை முதன்முதலில் இயக்கும்போதே பழைய போனிலிருந்து நகலெடுக்கவா என்று கேட்கும். அங்கே அவசரப்பட்டு 'பிறகு பார்க்கலாம்' என்று தாண்டிப் போய்விடாதீர்கள். சில போன்களில் பிறகு செட்டிங்ஸிலிருந்து செய்ய முடியும். சிலவற்றில் புதிய போனையே ரீசெட் செய்து மறுபடி முதலிலிருந்து வந்தால்தான் அந்தக் கேள்வி திரும்பக் கிடைக்கும்.

கிளவுட் பேக்கப்பிலிருந்து மீட்பதா, இரண்டு போனையும் நேரடியாக இணைப்பதா என்றால், பழைய போன் நல்ல நிலையில் கையில் இருக்கும்வரை நேரடியாக இணைப்பதற்கே என் ஓட்டு. ஆண்ட்ராய்டில் நான் சொன்ன 25 எம்பி வரம்பு கிளவுட் பேக்கப்புக்கு. போனுக்குப் போன் மாற்றும்போது வரம்பு அதைவிடப் பெரியது. வைஃபை வழியைவிடக் கேபிள் பெரும்பாலும் வேகம், நடுவில் அறுந்துபோவதும் குறைவு. ஆனால் எல்லாக் கேபிளும் தரவைக் கடத்தாது. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் உண்டு, பார்த்தால் வித்தியாசமே தெரியாது. போன்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எவ்வளவு நேரம் ஆகும்? யுஎஸ்பி 2 கேபிளின் வேகம் காகிதத்தில் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. நடைமுறையில் அதில் பாதி கிடைத்தால் நல்லது. நொடிக்கு 30 எம்பி என்று வைத்தால் 100 ஜிபி நகர ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரே பெரிய வீடியோ சட்டென்று போய்விடும், ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் ஊர்ந்துதான் போகும். திரையில் காட்டும் 'இன்னும் 10 நிமிடம்' அதனால்தான் அரை மணி நேரமாக அங்கேயே நிற்கிறது. இரண்டு போனையும் சார்ஜில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

ஐபோனில் இரண்டு விஷயம். பழைய போனில் புதிய ஐஓஎஸ் பதிப்பும், பெட்டியிலிருந்து எடுத்த போனில் பழைய பதிப்பும் இருந்தால் பேக்கப் ஏறாது. புதிய போனை முதலில் அப்டேட் செய்ய வேண்டும். இன்னொன்று, 5 ஜிபி போதவில்லையே என்று பணம் கட்டத் தேவையில்லை. செட்டிங்ஸில் 'மாற்று அல்லது ரீசெட்' என்ற பகுதிக்குள் புதிய ஐபோனுக்குத் தயாராவது என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் போன் மாற்றுவதற்காக மட்டும் மூன்று வாரத்துக்குத் தற்காலிக இடம் இலவசமாகக் கிடைக்கும். ஐஓஎஸ் 15 முதல் இந்த வசதி உண்டு.

குடும்பம் மாறினால்

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்களுக்காக மூவ் டு ஐஓஎஸ் என்ற செயலியை ஆப்பிளே ஆண்ட்ராய்டு கடையில் வைத்திருக்கிறது. தொடர்புகள், குறுஞ்செய்திகள், கேமராப் படங்கள், நாட்காட்டி ஆகியவற்றை அது கொண்டுபோகும். பாட்டு, புத்தகம், பிடிஎஃப் ஆகியவற்றை நீங்கள்தான் தனியாக எடுத்துப்போக வேண்டும். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வரும்போது கேபிளே போதும். சாம்சங் போன்களில் ஸ்மார்ட் ஸ்விட்ச் என்று தனிச் செயலியும் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரு நஷ்டம் பொது: காசு கொடுத்து வாங்கிய செயலிகள் கடை மாறினால் கூட வராது.

ஐபோனை விட்டு வெளியே வருகிறவர்கள் சிம்மைக் கழற்றும் முன் ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் செய்திகள் உங்கள் புதிய போனுக்கு வராமல், நீங்கள் விட்டுவிட்டு வந்த ஐமெசேஜுக்கே போய்க்கொண்டிருக்கும்.

வாட்ஸ்அப்

போன் மாற்றும் பலருக்கு உண்மையான கவலை இது ஒன்றுதான். வாட்ஸ்அப் கணக்கு உங்கள் எண்ணோடு கட்டப்பட்டது. புதிய போனில் எண்ணைப் போட்டு வரும் குறியீட்டைக் கொடுத்தால் கணக்கும் குழுக்களும் வந்துவிடும். பழைய உரையாடல்கள் மட்டும் வராது. அவை போனிலும், நீங்கள் எடுத்த பேக்கப்பிலும் இருப்பவை; வாட்ஸ்அப் சர்வர் அவற்றைச் சேர்த்து வைப்பதில்லை.

ஆண்ட்ராய்டில் பேக்கப் கூகுள் கணக்குக்குப் போகிறது, ஐபோனில் ஐகிளவுடுக்கு. ஒன்றில் எடுத்ததை மற்றதில் திறக்க முடியாது. மீட்கும்போது அதே எண்ணும் அதே கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கும் இருக்க வேண்டும். எண்ணைச் சரிபார்த்ததும் பேக்கப்பிலிருந்து மீட்கவா என்று ஒரு திரை வரும். அந்தத் திரையில் 'தவிர்' என்பதைத் தொட்டுவிட்டால், காலியான உரையாடல்களோடு வாட்ஸ்அப் ஓடத் தொடங்கும். அப்புறம் இரவில் அது புதிதாக ஒரு பேக்கப் எடுத்து, பழையதன் மேலேயே எழுதிவிடலாம். கை தவறித் தொட்டுவிட்டீர்கள் என்றால் உடனே செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள், அந்தத் திரை திரும்ப வரும்.

பேக்கப்பே வேண்டாம் என்றால் 2023 முதல் இன்னொரு வழி இருக்கிறது. ஒரே வகைப் போன்களுக்கு இடையில், பழைய போனின் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் உரையாடல்கள் பகுதிக்குள் போய் மாற்றும் வசதியைத் தொட்டு, புதிய போனில் தெரியும் க்யூஆர் கோடைப் பழைய போனால் ஸ்கேன் செய்தால் நேரடியாகப் போய்விடும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு என்றால் முன்னே சொன்ன மூவ் டு ஐஓஎஸ் செயலியிலேயே வாட்ஸ்அப்பையும் தேர்ந்தெடுக்கலாம்.

பேக்கப்புக்குக் கடவுச்சொல் அல்லது 64 இலக்கச் சாவி போட்டிருந்தால் அதை எங்கே எழுதி வைத்தீர்கள் என்று முதலில் தேடுங்கள். மறந்துவிட்டால் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. மற்ற செயலிகளில் டெலிகிராமின் ரகசிய உரையாடல்கள் பழைய போனோடு நின்றுவிடும். சிக்னலில் மாற்றுவதற்குத் தனி வசதி உண்டு. பழைய போன் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்துவிடுவது நல்லது.

ஆறு இலக்க எண்கள், இ-சிம்

என்னை அல்லாட வைத்த செயலிக்கு வருகிறேன். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு எண் தரும் செயலிகள் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு, அதோடு நேரத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் அந்த ஆறு இலக்கத்தைக் காட்டுகின்றன. ரகசியம் போனால் எண் வராது. கூகுள் ஆதென்டிகேட்டரில் கணக்குகளை மாற்றுவது என்ற இடத்தில் ஏற்றுமதி செய்தால் க்யூஆர் கோடு வரும். புதிய போனில் அதை ஸ்கேன் செய்தால் முடிந்தது. ஏப்ரல் 2023 முதல் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கவும் முடியும். வேறு செயலி வைத்திருந்தால் அதிலும் இதுபோல ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தளத்திலும் நுழைந்து புதிய போனைப் பதிவு செய்ய வேண்டும். கூகுள் தரும் பத்து அவசரக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் என் நாலு நாளும் மிச்சமாகியிருக்கும்.

வங்கிச் செயலிகளைச் சிம் மாற்றிய பிறகே திறங்கள், ஓடிபி அந்தச் சிம்முக்குத்தான் வரும். இ-சிம் என்றால் கழற்றி மாட்ட ஒன்றும் இல்லை. செட்டிங்ஸ் வழியாகவோ, தொலைபேசி நிறுவனத்தைக் கேட்டோ மாற்ற வேண்டும். புதிய போனில் சிக்னல் கோடு தெரிந்து, ஒரு அழைப்பும் பேசிப் பார்த்த பிறகுதான் பழையதில் இருப்பதை நீக்க வேண்டும்.

பழைய போனை என்ன செய்வது

ஒரு வாரம் சும்மா வையுங்கள். முடிந்தால் இரண்டு வாரம். எது வரவில்லை என்பது உட்கார்ந்து யோசித்தால் தெரியாது, அது தேவைப்படும்போதுதான் தெரியும். அந்த நாட்களில் வங்கி, மின்னஞ்சல், நீங்கள் எப்போதாவது மட்டும் திறக்கும் செயலிகள் என ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கொடுப்பதற்கு முன் பழைய போனில் இருக்கும் படங்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்குவார்கள் சிலர். கணக்கில் நுழைந்த நிலையில் அப்படி அழித்தால் கிளவுடிலும் அழியும், புதிய போனிலும் அழியும். ரீசெட் அப்படிச் செய்யாது, அந்தப் போனை மட்டும்தான் காலி செய்யும். இப்போதைய போன்களில் எல்லாத் தரவும் ஒரு சாவியால் பூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. ரீசெட் செய்யும்போது அந்தச் சாவி அழிந்துவிடுவதால் மிச்சம் இருப்பது யாராலும் படிக்க முடியாத குப்பை. அதனால் படங்களைக் கையால் அழிக்கும் வேலையே வேண்டாம்.

ரீசெட்டுக்கு முன் கணக்கிலிருந்து வெளியேறுவது மட்டும் கட்டாயம். ஐபோனில் ஆப்பிள் கணக்கை, ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கை நீக்குங்கள். திருட்டைத் தடுக்க 2013இல் ஐஓஎஸ் 7இலும் 2015இல் ஆண்ட்ராய்டு 5.1இலும் ஒரு பூட்டு வந்தது: கணக்கை நீக்காமல் அழித்த போன், மறுபடி இயக்கும்போது பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடலாம். வாங்கியவர் உங்களைக் கூப்பிட்டுக் கடவுச்சொல் கேட்கும் சங்கடம் எதற்கு?

ரீசெட் முடிந்ததும் வரவேற்புத் திரை வரும். ஓரிரு படி முன்னே போய், பழைய கணக்கைக் கேட்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் சிம் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். ரீசெட் பெரும்பாலும் மெமரி கார்டைத் தொடாது. உங்கள் பழைய படங்களோடு அது அங்கேயே உட்கார்ந்திருக்கும்.